மீண்டும் அளந்து வா

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் ஒரு சிவப்பு மை. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்று. வருஷம் 1969, தை மாதம். ஒரு விடையின் குறுக்கே சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: ‘தவறு. மீண்டும் அளந்து வா.’ விடை சரி. எழுதிய கைதான் தவறு. இவ்வளவுதான் விஷயம். பத்து வருஷமாக இதைக் கதையாக்கப் பார்க்கிறேன். சண்டிமாடு மாதிரிப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்கிறது.

அந்த வகுப்பில் நானும் படித்தேன். ஆனால் என்னைக் கதைக்குள் விடப்போவதில்லை. பதினாலு பிள்ளைகளில் ஒருவன், அவ்வளவுதான். இது ஆரிபா டீச்சர் கதை. அவர் பக்கத்திலேயே நின்று சொல்கிறேன். அவர் மனசுக்குள் நீ எப்படிப் புகுந்தாய் என்று குறுக்குக்கேள்வி கேட்காதீர்கள். கதை எழுதுகிறவன் எல்லாரும் செய்கிற திருட்டுத்தான் அது.

2

ஆரிபா டீச்சர் காரைக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கிழக்கு வெளுத்து —

வேண்டாம். பஸ் வருவது ஒன்பது மணிக்கு. கிழக்கு எப்போதோ வெளுத்தாயிற்று.

2 (மறுபடியும்)

ஆரிபா டீச்சருக்கு அப்போது இருபத்தாறு வயசு. கண்டரமாணிக்கத்துக்கும் கீழச்சிவல்பட்டிக்கும் நடுவே எங்கேயோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொன்னால் அடிக்க வருவார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் தற்காலிகக் கணக்கு டீச்சர். ஜூன் வந்தால் வேலை நிரந்தரமாகும். அதற்குக் கையெழுத்துப் போடவேண்டியவர் பள்ளியின் மேனேஜர், பெரியவீட்டு மலையாண்டி. டீச்சரின் அத்தா, அதாவது அப்பா, மவுத்தாகிக் கண்மூடி இரண்டு வருஷம். அம்மாவும் தங்கச்சியும் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

கணக்குப் புத்தகத்தில் பம்பாயிலிருந்து ரயில் கிளம்பும். ஒரு சீமான் தன் வரவேற்பறைக்குக் கம்பளம் விரிப்பார். எங்களில் பாதிப்பேர் ரயிலைப் பார்த்ததில்லை. வரவேற்பறை என்றால் என்னவென்று கேட்ட முத்தழகுக்கு டீச்சரால் பதில் சொல்ல முடியவில்லை. “படுக்கமாட்டாகளா அங்க? பெறகு எதுக்கு விரிக்கிறாக?” என்று அவன் கேட்டான். காலாண்டுத் தேர்வில் பதினாலு பேரில் பதினொரு பேர் பெயில்.

அன்றைக்கு டீச்சர் ஒரு முடிவெடுத்தார். இனிமேல் கணக்கு இந்தப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து வரட்டும்.

முதல் கணக்கே சொதப்பல். சுலைகா முஸ்லிம் பிள்ளையாயிற்றே என்று பிரியாணிக்கு அரிசியும் கறியும் விகிதம் போட்டுக் கொடுத்தார். சுலைகா எழுந்து, “எங்க வீட்டுல ரெண்டு பெருநாளைக்கு மட்டுந்தான் டீச்சர். அன்னைக்கும் பக்கத்து வீட்டுலருந்துதான் வரும்” என்றாள். டீச்சருக்கு முகம் சுருங்கிப்போனது. அவரும் அதே சனம்தான், இருந்தும் தோன்றவில்லை பாருங்கள். பிள்ளையின் வீட்டை நாமாக ஊகிக்கக்கூடாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று அன்று புரிந்துகொண்டார். கேட்டார். சுலைகாவின் அத்தா பினாங்கில் இருந்தார். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டு மணி நேரம் முந்தி ஓடும். ‘அத்தா அங்கே ராத்திரி எட்டரைக்குக் கடையைச் சாத்தும்போது சுலைகா இங்கே என்ன செய்துகொண்டிருப்பாள்?’ இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு சுலைகா அழுதாள். விடை சரியாக இருந்தது.

(இந்தப் பத்தி கட்டுரை மாதிரி இருக்கிறது, தெரியும். இருக்கட்டும். டீச்சருக்கு நான் பட்ட கடன் இது.)

3

இப்போது தண்ணீர் விஷயம். இது புரியாவிட்டால் கதை புரியாது. ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. தை மாதம் கதிர் பால்பிடிக்கிற நேரத்தில் கண்மாயில் முக்கால்வாசி சேறு. இப்படித் தண்ணீர் குறைந்தால் எங்கள் ஊரில் முறைவைத்துப் பாய்ச்சுவார்கள். காலையிலும் சாயங்காலத்திலும் பெரியவீட்டு மேலவயலுக்கு. நடுப்பகல் முழுக்கக் கீழவயலுக்கு. கீழவயல் என்பது இருபத்தைந்து ஏழைக் குடும்பங்களின் துண்டு துண்டு நிலம்.

காலைமுறை எப்போது முடிகிறது, நடுப்பகல்முறை எப்போது தொடங்குகிறது என்று யார் சொல்வது? கடிகாரம் பெரியவீட்டிலும் அவர்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்திலும்தான் இருந்தது, அதனால் அதை யாரும் நம்புவதில்லை. ஊர் நம்பியது நீர்ப்பாய்ச்சியின் கால்பாதத்தை. கண்மாய்த் தண்ணீரைப் பங்கிடுகிறவர் நீர்ப்பாய்ச்சி. அவர் கரையில் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பார். தன் நிழலின் தலை விழுகிற இடத்தில் ஒரு கல்லை வைக்கச்சொல்லி, குதிங்காலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து, இடது வலது இடது வலது என்று அளந்துகொண்டே போவார். பன்னிரண்டு காலடிக்கு நிழல் சுருங்கியிருந்தால் வாய்க்காலை வெட்டிக் கீழவயலுக்குத் திருப்புவார். சாயங்காலம் நிழல் நீண்டு பன்னிரண்டு ஆனதும் மேலவயலுக்கு மாற்றிவிடுவார். மூன்று தலைமுறையாக ஒரே வீட்டுக் கால். அப்போது அளந்தவர் கருத்தையா.

கருத்தையாவின் மகள் பொன்னழகு எங்கள் வகுப்பு.

4

ஆரிபா டீச்சர் விகிதம் நடத்தப்போனபோது இந்தச் சங்கதி காதில் விழுந்தது. துள்ளிவிட்டார். இதைவிட நல்ல கணக்கு எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? பதினொரு மணி வெயிலில் எல்லாரையும் மைதானத்தில் நிறுத்தி, அவரவர் நிழலை அவரவர் காலால் அளக்கச் சொன்னார். குட்டையன் முத்தழகுக்கு ஐந்து. நெட்டைச்சி சுலைகாவுக்கும் ஐந்து. டீச்சருக்கு ஐந்தேகால்.

“எப்புடி டீச்சர்?” என்று எல்லாரும் கத்தினோம்.

“ஆளு எவ்வளவு உசரமோ, கால் அதுக்கேத்தாப்புல இருக்கும். நம்ம உசரம் நம்ம காலுக்கு ஆறரை மடங்கு, கொஞ்சம் முன்னப்பின்ன. அதான் யார் அளந்தாலும் ஒரே எண்ணு வருது.”

வீட்டுக் கணக்காக, வீட்டில் ஒரு பெரியவரின் உயரத்தையும் பாதத்தையும் அளந்து வரச் சொன்னார். பொன்னழகு எழுதிக்கொண்டு வந்தாள்: ‘எங்க அய்யா. உயரம் 65 அங்குலம்.* பாதம் 10, 8. விகிதம் ஆறரை, எட்டுக்கு மேல்.’

டீச்சர் சிரித்துக்கொண்டே சிவப்பு மையைத் தொட்டார். ஒரு மனுஷனுக்கு இரண்டு பாத அளவா? ‘தவறு. மீண்டும் அளந்து வா.’

பொன்னழகு நோட்டை வாங்கிக்கொண்டு உட்காரவில்லை. மேஜைப் பக்கத்திலேயே நின்றாள்.

“என்ன?”

“அளந்தது சரிதான் டீச்சர். எங்க அய்யாவுக்கு இடது கால்ல வெரல் இல்ல. அய்ப்பசியில மடைக்கல்லு விழுந்து, ஆசுபத்திரியில அஞ்சையும் எடுத்துட்டாக.”

டீச்சர் நோட்டைத் திரும்ப வாங்கி அந்தச் சிவப்பை அடிக்கலாமா என்று யோசித்தார். அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, வாழ்க்கை முழுக்க வருத்தப்படப்போகிற ஒரு காரியத்தைச் செய்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, “அப்படின்னா உங்க அய்யாவோட பன்னெண்டு அடி எவ்வளவுன்னு நீயே போடு” என்றார்.

பொன்னழகு போட்டாள். ஆறு பத்து அறுபது. ஆறு எட்டு நாற்பத்தெட்டு. நூற்றியெட்டு அங்குலம். இருக்கவேண்டியது நூற்றியிருபது.

* புத்தகம் சென்டிமீட்டருக்கு மாறியிருந்தது. எங்கள் வீடுகள் மாறவில்லை.

5

இங்கே ஒரு பையன் தேவைப்படுகிறான். கேள்வி கேட்க. சோணை என்று பெயர் வைக்கிறேன். இவனுடைய அப்பா சின்னக்கண்ணுவுக்குக் கீழவயலில் அரைக்காணி. பயிர் காய்ந்துகொண்டிருந்தது.

சோணை எழுந்து கேட்டான்: “அந்தப் பன்னெண்டு அங்குலம் சுருங்குறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும் டீச்சர்?”

டீச்சர் அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் பின்பெஞ்சிலிருந்து கணக்குக்கு ஒரு கேள்வி வந்து எத்தனை மாசம்! அந்தச் சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்தார். நாங்களும் எட்டரைக்கே வந்து நின்றோம். அறுபத்தைந்து அங்குலக் கம்பு ஒன்றை நட்டு, ஆபீஸ் கடிகாரத்தை வெளியே எடுத்துவைத்துப் பார்த்தோம். நூற்றியிருபதிலிருந்து நூற்றியெட்டுக்கு நிழல் சுருங்கப் பன்னிரண்டு நிமிஷம். சாயங்காலம் இதே மாதிரி இன்னொரு பன்னிரண்டு. ஒரு நாளைக்கு இருபத்துநாலு நிமிஷம் நடுப்பகல்முறையிலிருந்து போகிறது. முறைவைத்து இருபது நாள் ஆகியிருந்தது.

“நானூத்தியெம்பது நிமிசம்! எட்டு மணி நேரம்! ஒரு நா மொறை முழுசும் போயிருச்சு டீச்சர்!” என்று சோணை குதித்தான்.

பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. அந்தக் கம்பு யார் என்று. பொன்னழகு கம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது நம்ம வகுப்புக்குள்ள இருக்கட்டும். நான் மேனேஜர்கிட்ட பக்குவமாப் பேசுறேன். யாரும் வெளிய சொல்லக்கூடாது” என்றார் டீச்சர்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள்.

[‘யாரோ.’ நல்ல வார்த்தை. வசதியான வார்த்தை. இந்த இடத்தை ஏழு தடவை திருத்தி எழுதியிருக்கிறேன். ‘செய்தி பரவியது’ என்று ஒரு தடவை. ‘காற்றுவாக்கில் போனது’ என்று ஒரு தடவை. சரி, சொல்லித் தொலைக்கிறேன். சோணைதான் சொன்னான். சோறு தின்னும்போது அப்பாவிடம் சொன்னான். சோணை நான்தான்.]

6

மறுநாள் காலை டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பெரியவீட்டு ஆள் ஒருவன் காத்திருந்து, “கண்மாய்க்கரைக்கு வரச்சொன்னாக” என்றான். அன்றும் முதல் பஸ்தான். ராத்திரி முழுக்கத் தூங்காதவர்.

கரையில் ஊரே நின்றது. என் அப்பா கருத்தையாவின் கழுத்துத் துண்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

“எத்தன மூடை நெல்லுக்குக் கால வித்த? சொல்லுய்யா! என் பயிரு கருகிக் கெடக்கு!”

“பன்னெண்டு எண்ணித்தானப்பா திருப்புறேன். ஒரு அடி கூட்டிவச்சிருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்!” கருத்தையா கத்தவில்லை, கெஞ்சினார். அவர் சொன்னது சத்தியம். விரல் போனால் அளவும் போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தக் கால் அளந்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது மூன்று தலைமுறை நம்பிக்கை. கட்டுப் பிரித்த அன்றைக்கே மடைக்குப் போனவர் அவர்.

மலையாண்டி குடையை ஊன்றிக்கொண்டு நிதானமாக நின்றார். “நான் அவன்கிட்டக் கேட்டேனா? தண்ணி வந்துச்சு, பாஞ்சுச்சு. வாங்க டீச்சரம்மா. நீங்க போட்ட கணக்காம்ல இது? புஸ்தகத்துல இருக்குறத விட்டுப்புட்டு ஊருக்குள்ள கைய விட்டீக. போகட்டும். அந்தப் புள்ள போட்டது தப்புன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க. கருத்தையா பேரும் கெடாது, எல்லாரும் வீட்டுக்குப் போவோம். ஜூன் மாசக் கையெழுத்த நான் மறக்கல.”

கருத்தையாவும் டீச்சரைத்தான் பார்த்தார். “சொல்லுங்க டீச்சர். எங்க அப்பன் கால யாரும் சந்தேகப்படல. அவுக அப்பன் கால யாரும் சந்தேகப்படல. எம்புள்ளையா என்னையக் கள்ளன்னு எழுதுனா?”

பொன்னழகு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அழவில்லை. உதடு மட்டும் வெள்ளையாக இருந்தது.

தப்பு என்று சொன்னால் கருத்தையாவின் மானம் பிழைக்கும், டீச்சரின் வேலை பிழைக்கும். பயிர் சாகும், சரியாகக் கணக்குப் போட்ட பிள்ளை இனி ஜென்மத்துக்கும் சாக்பீஸைத் தொடமாட்டாள். சரி என்று சொன்னால் கருத்தையாவைத் துரோகி என்று அடித்தே போட்டுவிடுவார்கள். டீச்சர் வாயைத் திறந்தார்.

7

முடிவுகள் என் கைவசம் மூன்று இருக்கின்றன.

(அ) டீச்சர் “கணக்கு தப்பு” என்கிறார். ஜூனில் கையெழுத்து விழுகிறது. ஓய்வுபெறும்வரை பம்பாயிலிருந்து ரயில் விடுகிறார். [நம்பக்கூடிய முடிவு. எழுதிவிட்டு எனக்கே குமட்டியது.]

(ஆ) டீச்சர் “கணக்கு சரி” என்று முழங்குகிறார். கூட்டம் தலைகுனிகிறது. [கூட்டம் எங்கேயாவது தலைகுனிந்து பார்த்திருக்கிறீர்களா? என் அப்பா குனியவே மாட்டார்.]

(இ) டீச்சர் பேசுவதற்குள் பொன்னழகு முன்னால் வருகிறாள். வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறாள். “நீர்ப்பாய்ச்சி வீட்டுக் காலுதான வேணும்? என் காலும் அந்த வீட்டுக் காலுதான்” என்கிறாள். சுலைகா ஓடிப்போய் நிழலின் தலையில் கல் வைக்கிறாள். பொன்னழகு அளக்கிறாள். குதியும் விரலும் ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டில் கல் இருக்கிறது. கருத்தையாவும் தன் நிழலை அளக்கிறார். பதிமூன்றும் அதற்கு மேல் கொஞ்சமும் வருகிறது. தன் இடது காலை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பது மாதிரிப் பார்க்கிறார். “பொட்டப்புள்ள காலுக்குத் தண்ணி தெறப்பாகளா? ஒரு காலு பன்னெண்டுங்குது, ஒரு காலு பதிமூணுங்குது. பெரியவன் காலத்தான் நம்பணும்” என்கிறார் மலையாண்டி. அப்போது சோணை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, “நான்தான் சொன்னேன், கருத்தையா மாமா மேல தப்பில்ல, நானும் அளக்குறேன் பாருங்க!” என்று தன் நிழலை அளக்கிறான். அவனுக்கும் பன்னிரண்டு. ஊர் ஆரவாரிக்கிறது.

இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. போன மாசம் முழுக் கதையையும் சுத்தப்பிரதி எடுத்து, நாச்சியாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிற பொன்னழகுக்குத் தபாலில் அனுப்பினேன்.

எட்டு நாளில் திரும்பி வந்தது. கடிதம் இல்லை. மடைக்கல் விழுந்தது வலது காலில் என்று எழுதியிருந்தேன். அதை ‘இடது’ என்று திருத்தியிருந்தாள். டீச்சர் பேச்சு, அவள் அய்யா பேச்சு, மலையாண்டி பேச்சு எதையும் தொடவில்லை. (அ)வையும் (ஆ)வையும் வெறுமனே அடித்திருந்தாள். (இ)யில் அவள் முன்னால் வந்ததும், அளந்ததும், பன்னிரண்டும் பதிமூன்றும் அப்படியே இருந்தன. ‘அப்போது சோணை’ என்ற இடத்திலிருந்து கடைசிவரை குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அதன் மேல், சிவப்பு மையில்:

‘தவறு. மீண்டும் அளந்து வா.’

8

அளக்கிறேன்.

பொன்னழகு “பன்னெண்டு” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். கருத்தையாவுக்குப் பதிமூன்று வந்ததும், பெரியவன் காலைத்தான் நம்பவேண்டும் என்று மலையாண்டி சொல்லி முடித்தார். பொன்னழகு எங்களைப் பார்த்தாள். அந்தக் கரையில் வகுப்பு மொத்தமும் நின்றது. யார் அளந்தாலும் ஒரே எண் வரும் என்று ஆரிபா டீச்சர் எங்களுக்குத்தானே சொல்லிக்கொடுத்தார்? இன்னும் ஒரே ஒரு ஆள் இறங்கி அளந்தால் போதும். கருத்தையா கள்ளனும் இல்லை, பொன்னழகு பொய்யும் இல்லை, கால்தான் குறைந்தது என்று ஊருக்கு விளங்கிவிடும். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தார். அவர் வாய் இன்னும் திறந்தபடி இருந்தது. பொன்னழகு முதலில் பார்த்தது என்னை.

என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகக் கிடந்தது. அப்பாவின் கை மறுபடியும் கருத்தையாவின் கழுத்துத் துண்டுக்குப் போயிருந்தது. நான் அளந்தால் அவர் பிடித்திருப்பது குற்றமில்லாத கழுத்து என்று ஆகிவிடும். பெரியவீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு எட்டுப் பின்னால் வைத்து அப்பாவின் முதுகுக்குப் பின்னே மறைந்துகொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

இதுதான் சரியான அளவு, பொன்னழகு.

வேறு யாராவது இறங்கினார்களா, தண்ணீர் எந்தப் பக்கம் போனது, ஜூனில் டீச்சர் இருந்தாரா என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. தெரியாமல் இல்லை. கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிற புத்தி நமக்கெல்லாம் உண்டு. சொன்னால் நீங்களும் அந்த விடைக்குத் தகுந்த மாதிரி உங்களை வைத்துக்கொள்வீர்கள்.

அவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள். மணி எட்டே முக்கால். நிழல் சுருங்கிக்கொண்டிருக்கிறது, ரொம்ப நேரம் இல்லை. என் முறை போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். உங்களுக்கும் கால் இருக்கிறது.

வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். செருப்பைக் கழற்றுங்கள்.